சுத்தமான கலப்புப் பால்

என் வீட்டுக்காரர் முத்துசாமிக்கு உலகத்தில் இரண்டே வகைதான். ஜாதி மாடு, மற்றவை. மற்றவையில் நானும் அடக்கம். மகாலட்சுமி என்கிற சிந்திப் பசுவை 'அம்மா' என்று கூப்பிடுவார். என்னை 'ஏய்' என்பார். சிவகாமசுந்தரி என்று என் அப்பா ஆசையாக வைத்த பேர் கல்யாணப் பத்திரிகையோடு போயிற்று.

பொத்தோங் பாசிரில் சீனர்களின் காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் தொழுவம். நான்கு மாட்டுக்கு லைசென்ஸ். அதற்கு மேல் ஒரு கொம்புகூட உள்ளே நிற்கக் கூடாது. மூன்று மாடு சுத்தமான சிந்தி. அடர்ந்த சிவப்பு, எடுப்பான திமில், கழுத்தில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் அலைதாடி. நான்காவது என் ராணி. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியிலும் வயிற்றிலும் வெள்ளை. அவளுக்குத் திமில் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ராணி பிறந்த கதையை நானே சொல்லிவிடுகிறேன். அவரைச் சொல்லவிட்டால் வேறு மாதிரி சொல்லுவார். 1952-ல் அவர் கப்பலேறி ஊருக்குப் போய் ஆறு மாதம் நாகப்பட்டினம் பக்கம் உட்கார்ந்துவிட்டார். இங்கே ஒரு சிந்திப் பசு காளைக்குக் கத்துகிறது. சிந்திக் காளை வைத்திருந்தவரோ அதை விற்றுவிட்டார். புக்கிட் பாத்தோக் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் பண்ணையில் சீமைக் காளை இருக்கிறது என்றார்கள். லாரி பிடித்து மாட்டை ஏற்றிக்கொண்டு போய் வந்தேன். மறு வருஷம் லண்டனில் ராணிக்கு முடிசூட்டி, இங்கே ஊரெல்லாம் விளக்குப் போட்டிருந்த வாரத்தில் கன்று விழுந்தது. சிவப்புக் கன்றுக்காகக் காத்திருந்த மனுஷன், கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று நிற்பதைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நானே தப்புத்தண்டாவுக்குப் போய்விட்ட மாதிரி ஒரு பார்வை.

அன்றிலிருந்து அவர் வாயில் ராணிக்குப் பேர் 'கலப்பு'. சிராங்கூன் ரோட்டில் சீர்திருத்தக் கூட்டம் போட்டால் முதல் வரிசையில் உட்கார்ந்து, மனிதனில் ஜாதி இல்லை என்று யாராவது முழங்கும்போது கை வலிக்கத் தட்டிவிட்டு வருவார். தொழுவத்துக்குள் கால் வைத்ததும் ஜாதிதான், வம்சம்தான்.

"சிந்தி உதைக்காது. பதினாறு வருஷமா மாடு கறக்கறேன், ஒரு உதை வாங்கியிருப்பனா? இந்தக் கலப்பைப் பாரு, மடியில கை வச்சா காலைத் தூக்குது" என்பார்.

அதில் பொய் இல்லை. ராணி அவரை வாளியோடு சேர்த்து ஒரு தடவை உதைத்திருக்கிறாள். ஆனால் என்னை உதைத்ததே இல்லை. கன்றாக இருந்தபோது பால் புகட்டியவள் நான், சளி பிடித்தபோது சாக்குப் போர்த்தியவள் நான். கலப்பு என்று கூப்பிடுகிறவரை அவள் ஏன் மதிக்க வேண்டும்?

1957-ல் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் கடிதம் ஒன்று வந்தது. கராச்சியிலிருந்து முதல் தரமான சிந்திக் கிடாரி ஒன்று தை மாதக் கப்பலில் வருகிறதாம். இவர் முகம் மாப்பிள்ளை முகமாகிவிட்டது. நான்கு மாட்டு லைசென்ஸில் ஐந்தாவது மாடு எங்கே நிற்கும் என்று கேட்டேன். அவர் ராணியைப் பார்த்தார்.

மறுநாளே ஒருவனைக் கூட்டிவந்தார். வந்தவன் ராணியின் மடியைப் பார்க்கவில்லை, பல்லைப் பார்க்கவில்லை. தொடையைத் தட்டிப் பார்த்தான், முதுகை அமுக்கிப் பார்த்தான், எடை எத்தனை காத்தி தேறும் என்று கேட்டான். பால் மாடு வாங்குகிறவன் எடையை எதற்குக் கேட்கிறான்? கசாப்புக்குத்தான். கையிலிருந்த விளக்குமாற்றோடு நடுவில் போய் நின்றேன். அவன் போய்விட்டான்.

"பொங்கலுக்கு முன்னாடி அது போகணும்" என்றார் இவர்.

"தொட்டுப் பாருங்க. அப்புறம் இந்த வீட்டுல சோறு யாரு ஆக்கறான்னு பாக்கறேன்."

"ஏய், புரியாம பேசாத. கலப்பு மாட்டுப் பால எவன் குடிப்பான்? நகத்துல ஒரு சொட்டு விட்டா ஓடுது. மகாலட்சுமி பாலு ஒட்டிக்கிட்டு நிக்கும்."

"மகாலட்சுமி பால் எட்டு போத்தல். ராணி பதினாலு. குடிக்கிறவங்க யாரைக் கேக்கறாங்கன்னு அவங்களையே கேட்டுடுவோமா?"

இப்படித்தான் பந்தயம் பிறந்தது. மற்ற இரண்டு மாடும் சினையாக இருந்ததால் கறவை இல்லை. பஃபலோ ரோட்டு முனையில் எங்களுக்கு ஒரு பலகைக் கடை. அதில் இரண்டு கேன் தனித்தனியாக வைப்பது, ஒன்றில் மகாலட்சுமி பால், மற்றதில் ராணி பால். பொங்கல் வரைக்கும் ஜனங்களுக்கு எது வேண்டியிருக்கிறதோ அந்த மாடு நிற்கும். ராணி தோற்றால் அந்தத் தொடை தட்டுகிறவன் வருவான். நான் ஜெயித்தால் கப்பல் மாட்டுக்கு 'வேண்டாம்' என்று அவரே கடிதம் எழுத வேண்டும்.

முதல் மாதம் பரவாயில்லை. எல்லாரும் சிந்திப் பாலைத்தான் கேட்டார்கள், அதை மறைப்பானேன். ஆனால் எட்டு போத்தல் எவ்வளவு நேரத்துக்குக் காணும்? கூட்டம் முழுவதும் வருவதற்குள் அந்தக் கேன் காலி. மீதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே ராணி பாலை வாங்கிப் போனார்கள். குடித்துப் பார்த்துவிட்டு மறுநாள் முணுமுணுக்காமல் வாங்கினார்கள். வயிற்றுக்கு லேசாக இருக்கிறது, பிள்ளைக்குச் செரிக்கிறது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். நான் பொட்டை அழுத்தி வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன்.

மார்கழி பிறந்ததும் காற்று மாறிவிட்டது. மகாலட்சுமி கன்று போட்டு எட்டு மாதம் ஆகிறது. பால் வற்ற வேண்டிய காலம். ஆனால் அவள் கேனோ நாளுக்கு நாள் நிறைகிறது. எட்டு போத்தல் பத்தானது, பத்து பன்னிரண்டானது. கேட்டவர்களுக்கெல்லாம் சிந்திப் பால் கிடைத்தது. ராணியின் கேன் மூடி திறக்காமல் வீட்டுக்குத் திரும்பியது.

"என்னங்க, வத்துற மாடு இப்படி ஊத்துதே?"

"ஜாதிடி. பருத்திக்கொட்டை கொஞ்சம் கூட வச்சேன். வம்சம் பேசுது."

நம்பினேன். பதினாறு வருஷம் மாட்டோடு இருந்தவளுக்கு அன்றைக்கு மூளை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சரபத் கடையில் டீ ஆற்றும் நாகூர் கனி அண்ணன்கூட ஒரு நாள், "தங்கச்சி, சிந்திப் பாலு இப்பல்லாம் டீயில நெறம் குடுக்கல லா. ஒன் கலப்பு மாடு தேவல" என்றார். எனக்கு ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்று நினைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். திரும்பி வந்த பாலைக் காய்ச்சிக் காய்ச்சிப் பால்கோவா கிளறினேன். பக்கத்துத் தோட்டத்துச் சீனக் குடும்பம்கூடப் பால்கோவாவைக் கண்டு ஓட ஆரம்பித்தது. சாயங்காலம் ராணிக்குச் சோயாச் சக்கை வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. ஜனங்களுக்கு ராணியின் அருமை தெரியவில்லை. தெரியவைக்க வேண்டும். ஜாலான் புசாரில் லாசரஸ் என்று ஒரு பெயர்ப் பலகை எழுதுகிறவர். எழுத்து அச்சுப் போல இருக்கும். அவரிடம் போனேன்.

"சிவகாமசுந்தரி பால் பண்ணை. கீழ, சுத்தமான கலப்பு மாட்டுப் பால். இப்படி எழுது" என்றேன்.

லாசரஸ் தகரத்தை அளந்தார். "அக்கா, ஒங்க பேரே பாதித் தகரத்தைச் சாப்பிட்டுடுது. 'சுந்தரி பால் பண்ணை'ன்னு போட்டா எல்லாம் அடங்கிடும்."

"என் பேரை வெட்ட நீ யாரு? இந்தப் பேரை யாராவது முழுசா எழுதியே பதினாறு வருஷம் ஆச்சு. முழுசா எழுது."

"அப்ப கீழ எதையாச்சும் எடுக்கணுமே." யோசித்தார். "'மாட்டு' எதுக்குக்கா? பால்னாலே மாட்டுப் பால்தானே. பூனைப் பாலா விக்கறீங்க?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. எங்கள் வீட்டில் பொழுது விடிந்தால் 'கலப்பு' 'கலப்பு' என்று காதில் விழுந்துகொண்டே இருக்கும். கலப்பு என்றால் ராணி. எனக்கு வேறு அர்த்தமே கிடையாது.

மறுநாள் பலகை வந்தது. சிவப்பில் பெரிதாக என் பேர். அதன் கீழே நீலத்தில்: சுத்தமான கலப்புப் பால். இவர் நின்று படித்தார். இரண்டாவது தடவை படித்தார். திடீரென்று இருமல் வந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம்" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "ஒசரமா மாட்டு. எல்லாருக்கும் தெரியட்டும்."

கல்யாணமாகி முதல் தடவையாக நான் செய்த ஒரு காரியத்தைப் பாராட்டுகிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது நினைத்தால் அந்தத் துண்டாலேயே நாலு போட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பலகை மாட்டிய அன்றைக்குக் கூட்டம் கூடியது. கூடியதே தவிர யாரும் போத்தலை நீட்டவில்லை. படித்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள், சிரித்தபடி போனார்கள். ஆமினா பீவி அக்கா எங்கள் ரொம்ப நாள் வாடிக்கை. அவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கு நல்ல மனசு புள்ள. எல்லாரும் மறைச்சு செய்யறத நீ எழுதிப் போட்டே செய்யறே" என்றார். ராணியைச் சொல்கிறார் என்று நினைத்து, "மறைக்கறதுக்கு என்னக்கா இருக்கு, கலப்புலதான் சத்து" என்றேன். அவர் சிந்திப் பாலை வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் பிற்பகல். தொழுவத்தில் கறவை முடிந்து இரண்டு கேனும் சிமெண்டுத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சுகாதார இன்ஸ்பெக்டர் ஜார்ஜ் உள்ளே வந்தார். வெள்ளைக் கால்சட்டை, கையில் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் லாசரஸ் அவரிடம், பஃபலோ ரோட்டில் தான் எழுதிய புதுப் பலகையைப் பாருங்கள் என்று பெருமையடித்திருக்கிறார். இவரும் போய்ப் பார்த்திருக்கிறார்.

"யாரும்மா சிவகாமசுந்தரி?"

"நான்தான் சார்."

"இருபது வருஷமா பால் சோதனை பண்றேன். பிடிபட்டவன் எல்லாரும் கலக்கலேன்னுதான் சத்தியம் பண்ணுவான். கலப்புன்னு போர்டு எழுதி மாட்டுன ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

"மாடு கலப்பு சார்! சீமைக் காளைக்குப் பொறந்தது!"

"மாடு எங்கம்மா இருக்கு போர்டுல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லாசரஸ் தூக்கி எறிந்த அந்த ஒரு சொல். ஆமினா பீவி அக்கா பிடித்த கை. துண்டுக்குள் வந்த இருமல். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன். நியாயமாக அவர் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். சிரிக்கவில்லை. பேயறைந்தவர் மாதிரி நின்றார்.

ஜார்ஜ் பெட்டியைத் திறந்து, பால் எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் கண்ணாடிக் குழலை எடுத்தார். "கடையில சோதிச்சா தண்ணி எங்க சேர்ந்துச்சுன்னு ஆளாளுக்குக் கதை சொல்வாங்க. கறந்த எடத்துலயே பாத்துடுவோம்" என்றார். ராணியின் கேனிலிருந்து பால் எடுத்துக் குழலை மிதக்கவிட்டார். குனிந்து கோட்டைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"சொட்டுத் தண்ணி இல்ல. நல்ல பாலு" என்றார். அவருக்கே ஆச்சரியம். "சரி, அந்தக் கேன்?"

அந்தக் கேன் மகாலட்சுமியுடையது. இவர் கண் ஒரு கணம் கேனைப் பார்த்தது, அடுத்த கணம் மூலையில் இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்தது. குழாயடியில் ஒரு தகரக் குவளை. கழுவி வைத்த குவளை இல்லை. உள்ளே வெள்ளையாகப் பால் தடம் ஒட்டியிருந்தது. வற்றுகிற மாடு எப்படிப் பன்னிரண்டு போத்தல் கறந்தது என்று எனக்கு அப்போது தெரிந்தது. பருத்திக்கொட்டையாம், வம்சமாம். கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள். எந்தப் பலகையைப் பார்த்துத் துண்டுக்குள் சிரித்தாரோ, அதே பலகை இன்ஸ்பெக்டரை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டது.

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஜெயித்துவிட்டேன்! ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், ஜாதி மாட்டுப் பாலில்தான் கலப்பு என்று சர்க்கார் குழலே சொல்லிவிடும். ஆனால் லைசென்ஸ் அவர் பேரில். அது போனால் நான்கு மாடும் போகும், ராணியும்தான். அதைவிட, அவர் நின்ற நிலை. நாற்பத்தைந்து வயது மனுஷன், திருட்டுப் பிடிபட்ட பிள்ளை மாதிரி வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டு நிற்கிறார். பால்காரர் முத்துசாமி என்றால் எங்கள் கடை இருக்கும் தேக்காவில் எல்லாருக்கும் தெரியும். நாளைக்கு அந்தத் தெருவில் எப்படி நடப்பார்? இந்த மனுஷனைக் கேவலப்படுத்த எனக்கு மட்டும்தான் உரிமை. வேறு யாருக்கும் அதை நான் கொடுப்பதாக இல்லை.

ஜார்ஜ் கேன் மூடியைத் திறக்கக் குனிவதற்குள் ஒரு அடி பின்னால் வைத்தேன். கட்டைச் செருப்புக் காலால் கேனை ஒரே உதை. கேன் உருண்டது. பால் முழுவதும் தரையில் பரவிச் சாக்கடைக்குள் இறங்கியது.

"ஐயையோ, மாடு உதைச்சிருச்சே!" என்று கத்தினேன்.

ஜார்ஜ் நிமிர்ந்தார். ஒரு பக்கம் ராணி, மறு பக்கம் மகாலட்சுமி. இரண்டும் அசையவில்லை. மகாலட்சுமி அரைக் கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்த மாடு உதைச்சுது?"

நான் இவரைப் பார்த்தேன். ராணி என்று சொன்னால் முடிந்தது. ஊரே நம்பும். நான்கு வருஷமாக அவர்தானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், கலப்பு உதைக்கும், ஜாதி உதைக்காது என்று. உதைக்கிற மாட்டை விற்பதை யார் தடுக்க முடியும்? பந்தயமும் அவருக்கு. இந்த ஆளைக் காப்பாற்றப் போய் ராணியைக் கொடுத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

இவர் வேட்டி நுனியை விட்டார். மகாலட்சுமியின் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"சிந்திதான் சார். ஜாதி மாடுதான்... உதைக்கும் சார்."

பதினாறு வருஷப் பேச்சை ஒரே மூச்சில் திரும்ப வாங்கிக்கொண்டார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜார்ஜ் மகாலட்சுமியைப் பார்த்தார். அவள் குளம்பில் ஒரு சொட்டுப் பால் இல்லை. பிறகு என் காலைப் பார்த்தார். கட்டைச் செருப்பு, கணுக்கால், சேலைக் கரை எல்லாம் பால். பெட்டியை மூடினார்.

"நாளைக்கு வருவேன். நாளன்னைக்கும் வருவேன். எப்ப வருவேன்னு சொல்ல மாட்டேன். அந்த மாடு இனிமே உதைக்கறதுக்கு அவசியம் இல்லாம பாத்துக்குங்க" என்றார். வாசலில் நின்று, "போர்டை இன்னிக்கே எறக்கிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு நான் பேசியதை எழுத முடியாது. பக்கத்துத் தோட்டத்துச் சீனர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, மொழி புரியாமலே முழுவதும் கேட்டார். கடைசியில் இவர், "எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. எட்டுப் போத்தல்தான் இருந்துச்சு. இல்லேன்னு சொல்ல மனசு வரல" என்றார். தண்ணீர் கலந்த குவளையை அவரே எடுத்து மிதித்து நசுக்கினார். அன்று சாயங்காலம் கப்பல் மாட்டுக்காரருக்குக் கடிதம் எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், எழுத்துப் பிழை இல்லாமல் 'வேண்டாம்' என்று எழுதியிருந்தார்.

லாசரஸ் ஒரு துண்டுத் தகரத்தில் 'மாட்டு' என்று எழுதி நடுவில் ஆணியடித்துக் கொடுத்தார். பலகைக்கு ஒற்றைக் கொம்பு முளைத்த மாதிரி இருந்தது. மறுநாள் ஆமினா பீவி அக்கா போத்தலை நீட்டிச் சிந்திப் பால் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"சிந்தி அஞ்சு போத்தல்தாங்க்கா, தீந்துடுச்சு. கலப்பு மாட்டுப் பால் இருக்கு, வாங்கிக்கிங்க. கலப்பே இல்லாத பாலு."

மாட்டுப் பொங்கலன்று எனக்குக் கை சுளுக்கிக்கொண்டது. ராணியைக் கறக்க அவரே உட்கார வேண்டியதாயிற்று. நான் கதவோரம் நின்று பார்த்தேன். வாளியை வைத்துவிட்டு வெகு நேரம் யோசித்தார். பிறகு அவள் முதுகைத் தட்டி மெதுவாக, "கொஞ்சம் நகந்துக்கம்மா" என்றார்.

ராணி நகர்ந்துகொண்டாள், உதைக்கவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏய், என்ன வேடிக்கை பாக்கற? போத்தல எடுத்துட்டு வா."

எடுத்து வந்தேன். ராணி அம்மா ஆகிவிட்டாள், நான் இன்னும் ஏய்தான். இருக்கட்டும், அந்தத் தொழுவத்தில் யார் உதைப்பார்கள் என்று இப்போது அவருக்கு நன்றாகத் தெரியும்.